மூன்று டாலருக்குக் கைமாறிய மருந்து

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரையும் கனடாவின் விண்ட்சர் நகரையும் ஓர் ஆறு பிரிக்கிறது. 2019 ஜூலைக் கடைசியில் டெட்ராய்டிலிருந்து ஒரு பேருந்து எல்லை தாண்டி விண்ட்சருக்குப் போனது. உள்ளே இருந்தவர்கள் சர்க்கரை நோயாளிகள், அவர்களுடைய குடும்பத்தார், கூடவே வெர்மான்ட் மாநில செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். விண்ட்சரில் அவர்களுக்கு இருந்த வேலை ஒன்றுதான்: ஒரு மருந்துக்கடைக்குப் போய் இன்சுலின் வாங்குவது. தங்கள் ஊரில் 300 டாலரை நெருங்கிவிட்ட குப்பி அங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. கனடாவில் இன்சுலின் வாங்க மருத்துவர் சீட்டுகூடக் கட்டாயமில்லை. மருந்தாளுநரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, மினசோட்டா மாநிலத்திலிருந்து இதேபோல ஒரு குழு ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகருக்குப் போய் வந்தது. இன்சுலின் என்ற எண்ணமே பிறந்த ஊர் அது. 1920 அக்டோபர் 31 அதிகாலை இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த பிரெடரிக் பேன்டிங் என்ற இளம் மருத்துவர், கணையத்தைப் பற்றித் தனக்குத் தோன்றிய யோசனையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தது அந்த ஊரில் உள்ள வீட்டில்தான். இன்று அது அருங்காட்சியகம். சர்க்கரை நோய் முழுதாகக் குணமாகும் நாள்வரை எரியட்டும் என்று வாசலில் ஒரு சுடரை ஏற்றிவைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் கண்டுபிடித்த மருந்தை வாங்க வழியில்லாமல், உலகின் பெரும் பணக்கார நாட்டின் குடிமக்கள் அந்த ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

குப்பி ஒன்றும் பெரிதல்ல. கட்டைவிரல் உயரம், பத்து மில்லி, உள்ளே தண்ணீர்போலத் தெளிந்த ஆயிரம் யூனிட் மருந்து. ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, கோடு பார்த்து உறிஞ்சுவார்கள். திறந்த குப்பியை 28 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாதம் இரண்டு மூன்று குப்பி ஆகும். அவர் உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை என்பதால், இந்த மருந்துக்கு மாற்று கிடையாது. பணத்தை மிச்சம் பிடிக்கப் பத்து யூனிட் போட வேண்டிய இடத்தில் ஐந்து போட்டுக்கொண்டால் ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போய், சில நாட்களில் உயிரே போய்விடும்.

மினசோட்டாவில் 2017-ல் ஓர் இளைஞருக்கு நடந்தது இதுதான். உணவகம் ஒன்றில் மேலாளராக வேலை. அமெரிக்கச் சட்டப்படி 26 வயது வரைதான் பெற்றோரின் காப்பீட்டில் இருக்க முடியும். அந்த வயது நிறைந்து காப்பீடு முடிந்தபோது, மருந்துக்கும் ஊசிக்குமாக மாதம் 1,300 டாலர் தேவைப்பட்டது. இருந்த இன்சுலினைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாண்டு கழித்து, அவசரத்துக்கு இன்சுலின் கிடைக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றை அந்த மாநிலம் அவர் பெயரிலேயே நிறைவேற்றியது. அவர் தனி ஆளும் அல்ல. விலை தாங்காமல் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்ளும் அமெரிக்கர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர் என்று 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் விலையைப் பற்றி யோசிக்காதவர்கள் அல்லர். 1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில், எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். முதல் மருந்தில் தூய்மை போதவில்லை. பேன்டிங்கோடு வேலை பார்த்த ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, இரண்டாவது முறை போட்டதும் சிறுவனின் ரத்தச் சர்க்கரை இறங்கியது. மறு ஆண்டே பேன்டிங், அவருடைய உதவியாளர் சார்லஸ் பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வீதம் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாரும் இதைத் தனிச்சொத்தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே காப்புரிமை எடுத்தார்கள். எடுத்த கையோடு மூன்று டாலருக்கு விட்டும் கொடுத்தார்கள்.

அந்தப் பெருந்தன்மை ஒரு நூற்றாண்டு விலையைக் காத்திருக்க வேண்டும். கனடாவில் காத்தது, அமெரிக்காவில் காக்கவில்லை. எலி லில்லி நிறுவனத்தின் ஹியூமலாக் 1996-ல் சந்தைக்கு வந்தபோது குப்பி 21 டாலர். ஏறத்தாழ இருபது ஆண்டில் அது 275 டாலரைத் தொட்டது. நடுவே மருந்து மாறவில்லை, குப்பி மாறவில்லை. 2018-ம் ஆண்டு விலைகளை ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. உற்பத்தியாளர் விலைப்படி ஓர் அளவு இன்சுலின் அமெரிக்காவில் சராசரியாக 98.70 டாலர், கனடாவில் 12 டாலர், பிரிட்டனில் 7.52 டாலர், ஆஸ்திரேலியாவில் 6.94 டாலர். உற்பத்தியாளர்களும் பெரும்பாலும் எலி லில்லி உள்ளிட்ட அதே மூன்று நிறுவனங்கள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனதும் அவர்களுக்கு இரக்கம் சுரந்துவிடுகிறதா? இல்லை. மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேரம் பேசுபவர் மாறிவிடுகிறார். பொது மருத்துவத்தையும் தனியார் மருத்துவத்தையும் பற்றிய விவாதத்தில் நம் ஊரில் அதிகம் பேசப்படாத உண்மை இது.

கனடாவில் 1987 முதல் காப்புரிமை மருந்துகளின் விலையைக் கண்காணிக்க ஒரு வாரியம் இருக்கிறது. பிற நாடுகளில் என்ன விலை என்று பார்த்து, மிதமிஞ்சிய விலைக்குத் தடை போடுகிறது. 2010-லிருந்து மாகாணங்கள் கூட்டாகச் சேர்ந்து மருந்து நிறுவனங்களோடு விலை பேசுகின்றன. அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்களுக்கான மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உலகின் மிகப் பெரிய மருந்து வாடிக்கையாளர்களில் ஒன்று. ஆனால், அந்தத் திட்டத்தில் மருந்துகளைச் சேர்த்த 2003-ம் ஆண்டுச் சட்டமே, அரசு மருந்து நிறுவனங்களோடு விலை பேசக் கூடாது என்று தடுத்து எழுதியது. ஆக, பேரம் பேசும் இடம் இடைத்தரகு நிறுவனங்களுக்குப் போனது. எந்த மருந்து காப்பீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்பவை இவை. அமெரிக்காவில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இப்படிப்பட்ட மூன்றே நிறுவனங்கள் வழியாகப் போகிறது. பட்டியலில் இடம் பிடிக்க மருந்து நிறுவனம் அவற்றுக்குத் தள்ளுபடி தர வேண்டும். அச்சிட்ட விலை கூடினால் தள்ளுபடியும் கூடும். எனவே விலை ஏறுவதில் விற்பவருக்கும் லாபம், நடுவில் நிற்பவருக்கும் லாபம். முழு விலையையும் கொடுத்து வாங்குபவர், பெரும்பாலும் காப்பீடு இல்லாத நோயாளிதான்.

கடைத்தெருவில் கத்தரிக்காய் விலை ஏறினால் புடலங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். விலை கட்டவில்லை என்றால் சும்மா திரும்பலாம். சந்தை ஒழுங்காக நடப்பதற்கு அந்தச் சும்மா திரும்பும் உரிமை முக்கியம். நெஞ்சு வலியோடு ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. தனக்கு என்ன நோய், எந்தச் சிகிச்சை தேவை என்பதே அவருக்குத் தெரியாது. அதைச் சொல்பவரும் மருத்துவர், அதற்குக் கட்டணம் வாங்குபவரும் மருத்துவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே இதை விளக்கி எழுதினார். மருத்துவத்தில் நிச்சயமின்மையும், விற்பவர் அறிந்ததற்கும் வாங்குபவர் அறிந்ததற்கும் உள்ள தூரமும் மற்றச் சரக்குகளின் இலக்கணத்தை உடைத்துவிடுகின்றன என்பது அவர் வாதம். அறுபதாண்டு அமெரிக்க அனுபவம் அவர் சொன்னதைத்தான் காட்டியிருக்கிறது.

வந்த வழி

அமெரிக்கா இந்த ஏற்பாட்டைத் திட்டம் போட்டுக் கட்டியது என்று சொல்ல முடியாது. 1929-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், பேய்லர் மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. மாதம் 50 சென்ட் கட்டினால், தேவைப்படும்போது 21 நாள் படுக்கை. பின்னாளில் ப்ளூ கிராஸ் என்று நாடெங்கும் பரவிய காப்பீட்டின் வித்து இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூலியை உயர்த்தக் கூடாது என்று அரசு தடை விதித்தது. ஆள் கிடைக்காத ஆலைகள், கூலிக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்து ஆட்களை இழுத்தன. அதற்கு வரிச்சலுகையும் கிடைத்துவிட, வேலையோடு காப்பீடு என்ற முடிச்சு இறுகிவிட்டது. வேலை போனால் காப்பீடும் போகும் என்கிற அவல நிலைக்கு வேர் அங்கே இருக்கிறது.

முடிச்சை அவிழ்க்க 1945-ல் அதிபர் ட்ரூமன் தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் லட்சக்கணக்கான டாலர் செலவில் பிரசாரம் நடத்தி, இது சோஷலிச மருத்துவம் என்று மக்களைப் பயமுறுத்தித் தோற்கடித்தது. 1965-ல் லிண்டன் ஜான்சன் முதியோருக்கும் ஏழைகளுக்கும் மட்டும் அரசுக் காப்பீடு கொண்டுவந்தார். ட்ரூமனின் ஊருக்கே போய் அவர் முன்னால் கையெழுத்திட்டு, முதல் அட்டையை அவர் கையில் கொடுத்தார். 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் கோடிக்கணக்கானோரைக் காப்பீட்டுக்குள் சேர்த்தது. அதற்குப் பிறகும் 2023-ல் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீடு இல்லை.

கனடாவில் நடந்தது வேறு. அங்கே தொடக்கம் ஒரு காலில் இருந்து. ஸ்காட்லாந்திலிருந்து வின்னிபெக் நகருக்குக் குடிவந்த ஏழைக் குடும்பத்துச் சிறுவன் டாமி டக்ளஸ். முழங்காலில் அடிபட்டு எலும்புக்குள் சீழ் பிடித்தது. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். வேறு மருத்துவரிடம் போகப் பணம் இல்லை. அப்போது வார்டுக்கு வந்த ஒரு பெரிய அறுவை நிபுணர், தன் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் கட்டணம் இல்லாமல் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை, தனக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்தது என்பதை டக்ளஸ் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

1944-ல் அவர் கோதுமை வயல்களின் மாகாணமான சஸ்காச்சுவானின் முதல்வர் ஆனார். அந்த மாகாணத்தின் விவசாயிகளுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஊர் வரியில் சம்பளம் கொடுத்து மருத்துவரைத் தக்கவைத்துக்கொண்ட கிராமங்கள் அங்கே உண்டு. 1947-ல் மருத்துவமனைச் செலவுக்கு எல்லாருக்குமான காப்பீடு வந்தது. மருத்துவர் கட்டணத்துக்கும் சேர்த்த முழுத் திட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஜூலை 1. அன்றைக்கே மாகாணத்தின் பெரும்பாலான மருத்துவர்கள் கதவைச் சாத்தினார்கள். 23 நாள் வேலைநிறுத்தம். பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது மாகாண அரசு. தலைநகர் ரெஜினாவில் திட்டத்தை எதிர்த்துப் பெரும் பேரணி என்று முழங்கினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஜூலை 23-ல் உடன்பாடு ஏற்பட்டது. டக்ளஸ் அதற்குள் மத்திய அரசியலுக்குப் போயிருந்தார். திட்டம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த தேர்தலில் அதே ரெஜினாவில் மக்கள் அவரைத் தோற்கடித்திருந்தார்கள். நாற்பதாண்டு கழித்து, 2004-ல், கனடியர்களில் தலைசிறந்தவர் யார் என்று தேசிய ஒளிபரப்பு நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

நம் ஊரில் பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இது. அரசு செலவில் மருத்துவம் என்றால் மருத்துவர் எல்லாரும் அரசு ஊழியர் என்று பொருளில்லை. கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள். நோயாளியிடம் காசு வாங்காமல் மாகாணக் காப்பீட்டிடம் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் மருத்துவமனைகளையே அரசு எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் பல காப்பீட்டு நிதியங்கள் உண்டு. கட்டணத்தை எல்லாருக்கும் ஒன்றாகப் பேசி முடிவுசெய்கிறார்கள். தாய்லாந்து 2001-ல் 30 பாட் கொடுத்தால் சிகிச்சை என்று தொடங்கியபோது அது பணக்கார நாடே அல்ல. பாதைகள் பல. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, நோயாளி தனியாளாக நின்று விலை பேச வேண்டியதில்லை என்பது.

இது பில் அல்ல

அமெரிக்காவில் மருத்துவமனைக்குப் போய்வந்த சில வாரங்களில் தபாலில் ஒரு தாள் வரும். தலையில் கொட்டை எழுத்தில் ‘இது பில் அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். கீழே கட்டம் கட்டமாக எண்கள்: மருத்துவமனை கேட்ட தொகை, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் குறைத்துக்கொண்ட தொகை, நிறுவனம் கட்டியது, நோயாளி கட்ட வேண்டியது. ஒரே எக்ஸ்ரேவுக்கு ஒரே தாளில் மூன்று விலை இருக்கும். பில் பிறகு வரும், அதுவும் ஒன்றாக வராது. மருத்துவமனையிடமிருந்து ஒன்று, மயக்கம் கொடுத்தவரிடமிருந்து ஒன்று, எக்ஸ்ரே பார்த்தவரிடமிருந்து ஒன்று. மருத்துவமனை காப்பீட்டு வட்டத்துக்குள் இருந்து, மயக்கம் கொடுத்தவர் வெளியே இருந்தால் அவருடைய கட்டணம் தனியாகத் தலையில் விழும். இதைத் தடுக்க 2022 ஜனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது.

இந்தத் தாள்களை எழுதுவதற்கும், மறுப்பதற்கும், மேல்முறையீடு செய்வதற்கும் ஒரு பெரும்படை வேலை பார்க்கிறது. மருத்துவச் செலவில் 34 சதவீதம் நிர்வாகத்துக்கே போகிறது என்று 2017-ம் ஆண்டுக் கணக்கை வைத்து ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு சொன்னது. கனடாவில் அது 17 சதவீதம். எல்லாச் செலவும் சேர்த்து 2023-ல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர். தலைக்கு 14,570 டாலர். நாட்டின் உற்பத்தியில் 17.6 சதவீதம். கனடா செலவிட்டது 12 சதவீதம். அந்த ஆண்டு அமெரிக்காவின் சராசரி ஆயுள் 78.4 ஆண்டு, கனடாவினுடையது 81.7. ஆயுள் வித்தியாசத்துக்கு மருத்துவம் மட்டும் காரணமல்ல. துப்பாக்கியும் போதைப்பொருளும் சாலை விபத்தும் அதில் உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிப் பார்த்தாலும், கூடுதலாகக் கொட்டும் பணத்துக்குக் கூடுதல் ஆயுள் கிடைத்ததாகக் காட்ட முடியாது.

காப்பீடு உள்ளவர்கள் நிலைமையும் பெரிதாகச் சிறப்பில்லை. 2024-ல் நிறுவனங்கள் வழியாக ஒரு குடும்பத்துக்கு எடுக்கும் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். அதைக் கட்டிய பிறகும், ஆண்டின் முதல் ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ டாலர் செலவை நோயாளியே ஏற்க வேண்டும். டிடக்டிபிள் என்பார்கள். அங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் பழக்கம். பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புறப்படும் பெற்றோரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஆறு மாதத்துக்கு இருக்கும். மேலே மருத்துவரின் சீட்டு மடித்துவைத்திருக்கும். பல் அடைக்கவும் கண் பார்க்கவும் விடுமுறைக்கு ஊருக்கு வரும்வரை பொறுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

கனடாவின் குறைகள்

அமெரிக்காவின் பக்கம் சொல்வதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல காப்பீடு உள்ள ஒருவருக்கு அங்கே கிடைக்கும் புற்றுநோய் சிகிச்சை உலகின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. இடுப்பு மூட்டு மாற்ற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கனடாவில் காத்திருக்க வேண்டும். குடும்ப மருத்துவர் பரிந்துரைத்த நாளிலிருந்து சிகிச்சை கிடைக்கும்வரை 2024-ல் நோயாளிகள் காத்திருந்த நடுமதிப்புக் காலம் 30 வாரம் என்று ஃப்ரேசர் நிறுவனம் கணக்கிட்டது. தனியார் மருத்துவத்துக்கு ஆதரவான நிறுவனம் அது என்பதால் எண்ணைத் தள்ளிவிட முடியாது. 1993-ல் அதே நிறுவனத்தின் கணக்கு 9.3 வாரமாக இருந்தது. குடும்ப மருத்துவர் கிடைக்காத கனடியர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மூட்டு வலியோடு ஓராண்டு நடப்பவரிடம் போய், உங்கள் சிகிச்சை இலவசம் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்காது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கனடாவின் பொதுக் காப்பீடு மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே. வீட்டில் சாப்பிடும் மருந்து அதில் இல்லை. இன்சுலின் பிறந்த நாட்டிலேயே, விலை குறைவு என்றாலும், அதைக் கைக்காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. சர்க்கரை நோய் மருந்துகளையும் கருத்தடைச் சாதனங்களையும் கட்டணமின்றித் தருவதற்கான சட்டத்தைக் கனடா நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2024 அக்டோபரில்தான். அதுவும் மாகாணங்கள் ஒவ்வொன்றாக ஒப்பந்தம் போட்டால்தான் நடக்கும்.

ஆனால் இந்தக் குறைகளுக்குக் காரணம் எல்லாருக்கும் மருத்துவம் தருவதுதான் என்று முடிவுகட்டுவது தவறு. ஜெர்மனியிலும் எல்லாருக்கும் காப்பீடு உண்டு, அங்கே இப்படிக் காத்திருப்பு இல்லை. ஆயிரம் பேருக்குக் கனடாவைப்போல மூன்று மடங்கு படுக்கை வைத்திருக்கிறார்கள். படுக்கையையும் மருத்துவக் கல்லூரி இடங்களையும் அரசுகள் சிக்கனம் என்ற பெயரில் குறைத்தால் வரிசை நீளும். அது பணம் ஒதுக்காத குற்றம். மேலும், வரிசையில் நிற்பவர் என்றைக்காவது உள்ளே போவார். அமெரிக்காவில் 13 லட்சம் பேர் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டார்களே, அவர்கள் எந்தக் காத்திருப்புப் பட்டியலிலும் இல்லை.

விலையைக் குறைத்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்று மருந்து நிறுவனங்கள் சொல்வது பழைய வாதம். புது மருந்துகளுக்கு அதில் ஓரளவு உண்மை உண்டு. இன்சுலின் விஷயத்தில் அது செல்லாது. கண்டுபிடித்தது பல்கலைக்கழகம், விட்டுக்கொடுத்தது மூன்று டாலருக்கு, பின்னாளில் வந்த ஹியூமலாக்கும் மாற்றமே இல்லாமல் 21 டாலரிலிருந்து 275 டாலரானது.

கடைசியில் விலையை இறக்கியது எது? 2022-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி மெடிகேர் முதியோருக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது என்றானது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் இன்னொரு திருகு இருந்தது. விலைவாசியைவிட வேகமாக விலையை ஏற்றிய மருந்துகளுக்கு நிறுவனங்கள் அரசுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகைக்கு ஒரு வரம்பு இருந்தது. 2024 ஜனவரி முதல் அந்த வரம்பு நீங்கும் என்று முன்பே சட்டமாகிவிட்டது. அச்சிட்ட விலையை அப்படியே வைத்திருந்தால், விற்ற விலையைவிட அதிகமாகத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். 2023 மார்ச்சில் எலி லில்லி தன் அதிகம் விற்கும் இன்சுலின்களின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. மற்ற இரு நிறுவனங்களும் அதே மாதம் பின்தொடர்ந்தன. அதே 2022 சட்டம், தேர்ந்தெடுத்த சில மருந்துகளுக்கு மெடிகேர் விலை பேசுவதற்கு இருந்த தடையையும் நீக்கியது. முதலில் பேசிய பத்து மருந்துகளில் ஒன்று நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் நோவோலாக் இன்சுலின். 2023-ல் ஒரு மாதத்துக்கு அச்சிட்ட விலை 495 டாலராக இருந்த அந்த மருந்து, அரசு உட்கார்ந்து பேசியதும் மெடிகேருக்கு 119 டாலர் என்று முடிவானது. 2026 ஜனவரி முதல் அந்த விலை நடைமுறைக்கு வரும்படி ஒப்பந்தம். இருபதாண்டு முடியாது என்று சொன்னது, பேச ஆரம்பித்ததும் முடிந்தது.

இந்தப் பேரத்தின் பலம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்வது இதைத்தான். அரசு மருத்துவமனைகள் அனைத்துக்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குகிறது, மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறது, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருக்கும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடிவதும், மாத்திரையை மொத்தமாக மலிவாக வாங்கும் ஏற்பாடு பின்னால் இருப்பதால்தான்.

கவலை தருவது, நாடு போகும் திசை. மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14-ல் 64 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, நல்ல செய்தி. ஆனால் அதே 2021-22-ல் அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட்டது நாட்டின் உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்று 2017-ம் ஆண்டுத் தேசியக் கொள்கை சொல்லியிருந்தது. அந்த இலக்கு எட்டாமலேயே, 2018 முதல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்பது பெரிய சாதனையாக முன்வைக்கப்படுகிறது. அந்தக் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். சர்க்கரையால் அழுகிப்போன காலை அறுத்து எடுக்கத் தனியார் மருத்துவமனைக்குப் பணம் தரும். கால் அழுகாமல் காக்கும் அன்றாட இன்சுலினுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அன்றாட மருத்துவத்தைத் தருவது ஆரம்ப சுகாதார நிலையம்தான். காப்பீட்டு அட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டி அதற்கான பணத்தைச் சுருக்கினால், கொஞ்சம் கொஞ்சமாக அமெரிக்காவின் தாள்கள் நம் தபால்பெட்டிக்கும் வந்து சேரும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்கள் எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு தருவோம் என்று சொல்வார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாக இருக்கும் மருத்துவர், செவிலியர் இடங்களை எப்போது நிரப்புவீர்கள்? அங்கே இருக்கும் குளிர்பெட்டியில் இன்றைக்கு இன்சுலின் இருக்கிறதா?